நிலக்கீழ்தளத்துக்கு ஸ்பிரே ஃபோம் அடித்தல்: ஈரம் பார்ப்பது முதல் ட்ரைவோல் மூடுவது வரை

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வீடு வாங்கும் நம்மவர்கள் முதலில் கைவைப்பது பெரும்பாலும் நிலக்கீழ்தளத்தில்தான். அந்தக் கொங்கிறீற் சுவர்களுக்குக் குளோஸ்ட் செல் ஸ்பிரே ஃபோம் (துப்பாக்கியால் அடிக்கும் கடினமான நுரை) மிகவும் பொருத்தமான வெப்பக்காப்பு என்பது என் வீட்டிலும் உறவினர் சிலருடைய வீடுகளிலும் வேலை செய்து பார்த்த பின் எனக்கு ஏற்பட்ட முடிவு. ஆனால் நுரை ஒருமுறை சுவரில் பிடித்துவிட்டால், கத்தியால் வெட்டிச் சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. அதனால் அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகளின் வரிசைதான் இங்கே முக்கியம். நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை அந்த வரிசை பிசகியதால் வந்தவை.

கணக்கு விளங்குவதற்காக 24 அடிக்கு 36 அடி அளவுள்ள ஒரு நிலக்கீழ்தளத்தை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். அதன் சுற்றளவு 120 அடி. சுவர் உயரம் ஏழரை அடி.

1. எந்த நுரை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

ஸ்பிரே ஃபோமில் இரண்டு வகை உண்டு. ஓப்பன் செல் நுரை மென்மையானது. ஓர் அங்குலத்துக்குச் சுமார் ஆர்-3.5 அளவே வெப்பத்தைத் தடுக்கும் (ஆர் எண் கூடக்கூட வெப்பக்காப்பும் கூடும்). நீராவி அதனூடாகக் கடந்து செல்லும். குளோஸ்ட் செல் நுரை கடினமானது. ஒரு கன அடி சுமார் 2 இறாத்தல் எடையிருக்கும். ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ ஆர்-6 கிடைக்கும். இரண்டு அங்குலத் தடிப்பு வந்ததும் காற்றையும் நீராவியையும் சேர்த்தே தடுத்துவிடும்.

நிலக்கீழ்தளச் சுவருக்கு இரண்டாவது வகைதான் வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் சூடான, ஈரமான காற்று குளிர்ந்த கொங்கிறீற்றைத் தொட்டால் அங்கே நீர்த்துளியாக மாறும். பஞ்சுபோன்ற ஃபைபர்கிளாஸின் பின்னால் பூஞ்சணம் பிடிப்பது இதனால்தான். குளோஸ்ட் செல் நுரை கொங்கிறீற்றோடு ஒட்டிக்கொள்வதால் அந்தக் காற்று சுவரைத் தொட இடமே இருக்காது. விலைமதிப்பீட்டில் வெறுமனே ‘ஸ்பிரே ஃபோம்’ என்று எழுதியிருந்தால், எந்த வகை, எத்தனை அங்குலம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஐசோசயனேட் கொண்ட ஒரு திரவமும், பொலியோல் கலவையான மற்றொரு திரவமும் துப்பாக்கியின் முனையில் சரிக்குச் சரி கலந்து, உங்கள் சுவரில்தான் நுரையாகின்றன. அந்தச் சுவரின் சூடும், ஈரமும், அடிப்பவரின் கையும் சேர்ந்தே பொருளின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. கீழே வரும் ஒவ்வொரு படியும் இதிலிருந்தே பிறக்கிறது.

2. ஈரத்தைத் தீர்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்

சுவரில் நீர் கசிகிறதா என்பதை ஒரு பெருமழைக்குப் பின்னும், பனி உருகும் காலத்திலும் பார்க்க முடிந்தால் நல்லது. வெள்ளைத் தூளாகப் பூத்திருக்கும் உப்பு, தரையோடு சேரும் இடத்தில் கருமையான கோடு, வெடிப்புகளின் ஓரத்தில் துருக்கறை ஆகியவை நீர் வந்துபோன அடையாளங்கள்.

சந்தேகமான இடத்தில் இரண்டு அடிச் சதுரமான பிளாஸ்ரிக் தாளை நான்கு பக்கமும் ரேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். தாளின் உட்பக்கம் நனைந்திருந்தாலோ, கொங்கிறீற் கறுத்திருந்தாலோ ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்று பொருள்.

கூரைநீர்க் குழாய்களை வீட்டைவிட்டு விலக்கி விடுவது, வெளிமண்ணைச் சரிவாக்குவது, வெடிப்புகளை அடைப்பது, தேவைப்பட்டால் வெளிப்பக்கம் தோண்டி நீர்த்தடுப்புச் செய்வது எல்லாம் நுரைக்கு முன்னரே முடிய வேண்டும். நுரை கசிவை மறைக்குமே தவிர நிறுத்தாது. மறைத்துவிட்டால் வெடிப்பு எங்கே இருந்தது என்பதும் தெரியாமல் போய்விடும். உறவினர் ஒருவரின் வீட்டில் யன்னலுக்குக் கீழே ஈரமாக இருந்த பகுதியிலும் சேர்த்து அடித்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து அந்த இடத்தின் ஓரத்தில் ஸ்குரூடிரைவரை நுழைத்து மெல்ல நெம்பினேன். ஓர் உள்ளங்கை அளவான துண்டு எந்த எதிர்ப்பும் இல்லாமல் கையோடு வந்தது. அதன் பின்பக்கம் கொங்கிறீற்றின் மணல்கூட ஒட்டியிருக்கவில்லை, ஈரம் மட்டும் மினுங்கியது. காய்ந்த சுவரில் பிடித்த நுரையைப் பிடுங்கினால் நுரைதான் நடுவில் கிழியும். சுவரைவிட்டுக் கழன்று வராது.

வீடு நூறு ஆண்டு பழையதாக, அடித்தளம் கல்லாலோ செங்கல்லாலோ ஆனதாக இருந்தால் இந்த வழிகாட்டியை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். உள்ளிருந்து வந்த சூடு நின்றுபோனால் அந்தச் சுவரின் ஈரம் குளிர்காலத்தில் உறைந்து கல்லையும் சாந்தையும் உதிர்க்கக்கூடும். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிய பின்னரே முடிவெடுங்கள்.

3. கணக்குப் போட்டு, யார் அடிப்பது என்று தீர்மானியுங்கள்

நுரையை போர்ட் ஃபுட் என்ற அளவில் விற்பார்கள். ஒரு சதுர அடிப் பரப்பில் ஓர் அங்குலத் தடிப்பு ஒரு போர்ட் ஃபுட் ஆகும்.

நமது உதாரணத்தில் சுவர்ப்பரப்பு 900 சதுர அடி. ஒன்ராறியோவில் புதிய வீடுகளின் நிலக்கீழ் சுவருக்கு வழக்கமாக எதிர்பார்க்கப்படும் ஆர்-20 அளவை எட்ட மூன்றரை அங்குலம் வேண்டும். அதாவது 3,150 போர்ட் ஃபுட். சுவரின் உச்சியில், தரைத்தளத்தைத் தாங்கும் மரங்களின் நுனியைச் சுற்றிவரும் பலகையை றிம் ஜோயிஸ்ற் என்பார்கள். அது சுமார் 10 அங்குல உயரம் என்றால் பரப்பு 100 சதுர அடி; இரண்டு அங்குலம் அடிக்க 200 போர்ட் ஃபுட் போதும்.

கடைகளில் விற்கும் இரட்டைத் தாங்கிப் பெட்டிகள் 200, 600 போர்ட் ஃபுட் போன்ற அளவுகளில் வருகின்றன. ஆகவே என் ஆலோசனை இதுதான்: றிம் ஜோயிஸ்ற்றைப் பொறுமையுள்ள ஒருவர் தாமே அடிக்கலாம்; முழுச் சுவரையும் சான்றிதழ் பெற்றவரிடம் கொடுங்கள். ஐந்தாறு பெட்டி வாங்கிச் சுவரை அடிக்க முயன்றவர்களைப் பார்த்திருக்கிறேன். செலவும் மிஞ்சவில்லை, தடிப்பும் ஒரே சீராக வரவில்லை.

4. ஒப்பந்தகாரரிடம் கேட்க வேண்டியவை

கனடாவில் இந்த நுரையை அடிக்கும் முறைக்கு எஸ்705.2 என்ற தேசியத் தரம் இருக்கிறது. அதன்படி, அடிப்பவர் தனிப்பட்ட முறையில் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும். அன்றைய வெப்பநிலை, ஈரப்பதம், தடிப்பு, அடர்த்திச் சோதனை, ஒட்டுச் சோதனை ஆகியவற்றை அன்றாடப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும். நிறுவனத்திடம் சான்றிதழ் இருப்பது மட்டும் போதாது. உங்கள் வீட்டுக்கு வந்து துப்பாக்கியைப் பிடிப்பவரின் அடையாள அட்டையைக் கேளுங்கள். பதிவேட்டின் பிரதி கிடைத்த பின்னரே இறுதிப் பணம் என்பதை முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நுரையை ஊதச் செய்யும் வாயு எது என்றும் கேளுங்கள். புவி வெப்பமாதலைப் பெரிதும் கூட்டும் எச்.எஃப்.சி வாயுக்களுக்கு 2021 முதல் கனடாவில் நுரைப் பொருள்களில் கட்டுப்பாடு இருக்கிறது; இப்போதைய எச்.எஃப்.ஓ வகைகளின் பாதிப்பு மிகக் குறைவு.

5. நுரைக்கு முன்னால் முடிய வேண்டிய சட்டகம், மின்சாரம், குழாய்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. சுவருக்கு முதலில் நுரை அடித்துவிட்டு மரச்சட்டகத்தைப் பிறகு நிறுத்தலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். நுரையின் மேற்பரப்பு மேடுபள்ளமாக இருக்கும் என்பதால் சட்டகம் நேராக நிற்காது. நுரையைச் செதுக்கிக் கொண்டே போக வேண்டிவரும். இதற்கு மாறாக, சட்டகத்தைக் கொங்கிறீற்றோடு ஒட்டி நிறுத்தினால் ஒவ்வொரு நிலைமரத்தின் பின்னாலும் நுரை போகாத ஒரு குளிர்க்கோடு தங்கிவிடும்.

சட்டகத்தைக் கொங்கிறீற்றிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். மூன்றரை அங்குல நுரையில் இரண்டு அங்குலம் மரத்துக்குப் பின்னால் இடைவெளியின்றி ஓடும்; மீதி ஒன்றரை அங்குலம், மூன்றரை அங்குல ஆழமான மரங்களுக்கு இடையில் வந்து சட்டகத்தையும் இறுக்கிப் பிடிக்கும். முன்பக்கம் மிஞ்சும் இரண்டு அங்குல வெற்றிடத்தில் மின்வயர்கள் நுரையில் புதையாமல் ஓடலாம். அடிமரம் தரைக் கொங்கிறீற்றைத் தொடுவதால், பதனிட்ட மரத்தைப் பயன்படுத்துங்கள் அல்லது அதன் கீழே நுரைப்பட்டி விரியுங்கள்.

அடுத்து மின்சாரம். ஒன்ராறியோவில் வயர் வேலைக்கு மின்பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும்; சுவர் மூடப்படுவதற்கு முன் பரிசோதகர் பார்க்க வேண்டும். நுரையும் ஒரு மூடல்தான் என்பதால் பரிசோதனை அதற்கு முன்னரே முடியட்டும். வயர்கள் இணையும் பெட்டி எதுவும் நுரைக்குள் புதையக் கூடாது. தண்ணீரை நிறுத்தும் வால்வு, நீர்மானி, கழிவுக்குழாயின் திறப்பு ஆகியவற்றைச் சுற்றிக் கை நுழையும் அளவு இடம் விட்டு, சுவரில் பெயின்ரால் வட்டமிட்டு அடையாளம் வையுங்கள். இவை நுரைக்குள் போய்விட்டதை வெள்ளம் வந்த இரவில்தான் வீட்டுக்காரர் அறிவார்.

புகைபோக்கி, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸின் வெளியேற்றுக் குழாய், கூரையில் பதித்த விளக்குகள் போன்று சூடாகும் எதற்கும் குறைந்தது 3 அங்குலம் விலகியே நுரை நிற்க வேண்டும். நகரக் கட்டட அனுமதி தேவையா என்பதையும் இந்தக் கட்டத்துக்கு முன்னரே நகரசபையில் கேட்டு முடித்துவிடுங்கள். நிலக்கீழ்தளத்தை வாடகைக்கு விடும் தனிக் குடியிருப்பாக அமைப்பதாயின் அனுமதி கட்டாயம்.

6. அடிப்பதற்கு முதல் நாள்

காலத்தைத் தேர்வதும் ஆயத்தத்தில் அடங்கும். தை மாதத்தில் மண்ணுக்கு மேலே தெரியும் சுவரின் மேல் இரண்டு அடி மிகவும் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த பரப்பில் கலவை சரியாக ஊதாமல் அடர்த்தியாகப் படிந்து, பிறகு சுருங்கிக் கழலும். செப்ரெம்பர், ஒக்ரோபர் மாதங்கள் நல்லவை. குளிர்காலத்தில்தான் செய்ய வேண்டுமென்றால் முதல் நாளே தளத்தைச் சூடாக்கி வையுங்கள். காற்றை மட்டும் அளக்காமல் சுவரையும் அளந்து, தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச வெப்பநிலையோடு ஒப்பிடுங்கள். மரத்தின் ஈரம் 19 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இருபது நிமிட நேரத்தில் ஈரமானியால் முழுச் சட்டகத்தையும் பார்த்துவிடலாம்.

சுவரில் உள்ள தூசி, சிலந்திவலை, உரியும் பெயின்ற், உப்புப் பூச்சு அனைத்தையும் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுங்கள். நுரை தூசியில் ஒட்டினால் தூசியோடு விழும்.

ஃபேர்னஸ் நிலக்கீழ்தளத்தில் இருப்பதால் அதை நிறுத்தி, காற்றுத் திறப்புகள் எல்லாவற்றையும் பிளாஸ்ரிக்கால் மூடுங்கள். இல்லாவிட்டால் அது நுரையின் ஆவியை மேல்மாடிப் படுக்கையறைவரை கொண்டுசெல்லும். சுடர் எரியும் நீர்ச்சூடாக்கியையும் அணைத்துவிடுங்கள். ஒரு யன்னலில் வெளியேற்று விசிறியைப் பொருத்தி, மாடிப்படிக் கதவைத் தாளால் அடைத்தால் காற்று வீட்டுக்குள் ஏறாமல் வெளியே போகும்.

7. அடிக்கும் நாள்

அந்த நாளில் குழந்தைகள், முதியவர்கள், வளர்ப்பு விலங்குகள் உட்பட யாரும் வீட்டில் இருக்க வேண்டாம். அடித்து முடிந்த பின்னும் குறைந்தது 24 மணி நேரம் காற்றோட்டம் விட்டே திரும்ப வேண்டும். ஐசோசயனேட் ஆவி நுரையீரலில் ஒவ்வாமையை உண்டாக்கினால் அது வாழ்நாள் முழுதும் தொடரக்கூடும்; பிறகு மிகச் சிறிய அளவுகூட ஆஸ்துமாவைத் தூண்டும். மணம் தெரியாத அளவிலேயே அது தீங்கு செய்யும் என்பதால் ‘மணம் போய்விட்டதே’ என்று முன்னதாக உள்ளே போகாதீர்கள். மேலே ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவை இருக்கச் சொல்லலாமா என்று கேட்டவர்கள் உண்டு. கூடாது.

நுரை உருவாகும்போது உள்ளே கடும் சூடு பிறக்கும். அதனால் ஒரு தடவையில் இரண்டு அங்குலத்துக்கு மேல் அடிக்கக் கூடாது; முதல் அடுக்கின் சூடு தணிந்த பின்னரே அடுத்தது. நமது மூன்றரை அங்குலம் என்றால் முதலில் இரண்டு, பிறகு ஒன்றரை. நேரத்தை மிச்சப்படுத்த ஒரே தடவையில் நான்கு அங்குலம் அடித்த சுவர் ஒன்றை நான் வெட்டிப் பார்த்திருக்கிறேன். வெளித்தோல் மற்றப் பகுதிகளைப் போலவே வழவழப்பாக இருந்தது. உள்ளே நடுப்பகுதி தேன்பாகு நிறத்தில் கருகி, விரல் நுழையும் அளவு பிளந்திருந்தது. இதைவிடத் தடிப்பாக அடித்தால் தீப்பற்றவும் கூடும். செதுக்கி எடுத்த புதிய துண்டுகளையும் பைக்குள் குவித்து வைக்காமல், வெளியே பரப்பி ஆறவிடுங்கள்.

8. றிம் ஜோயிஸ்ற்றை நீங்களே அடிப்பதானால்

பழைய ஃபைபர்கிளாஸை எடுத்தபோது எங்கள் வீட்டில் தை மாதக் காலையில் ஒவ்வொரு ஆணியின் நுனியிலும் வெள்ளைப் பனி பூத்திருந்தது. வீட்டின் காற்றுக் கசிவில் பெரும் பங்கு அங்கேதான் என்பதை அதுவே காட்டியது. சிறிய பரப்பு, பெரிய பலன் என்பதால் தொடங்குவதற்கு இது நல்ல இடம்.

200 போர்ட் ஃபுட் தேவை என்றால் 200 பெட்டியை வாங்காதீர்கள். பெட்டியில் எழுதியிருப்பது எல்லாம் சரியாக அமைந்தால் கிடைக்கும் உச்ச அளவு. மூலைகளிலும் வீணாவதிலும் நிச்சயம் குறையும். வேலை பாதியில் நின்றால் அடுத்த பெட்டிக்குக் கடைக்கு ஓடும் நேரத்தில் உங்கள் ஆயத்தமெல்லாம் குலைந்துவிடும்.

தாங்கிகளுக்குள் இருக்கும் திரவம் 24 முதல் 30 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். காரின் பின்பெட்டியில் குளிரில் கிடந்த தாங்கி உள்ளே சூடாக ஒரு நாளுக்கு மேலாகலாம். வெளித் தகரத்தைத் தொட்டுப் பார்த்து ஏமாற வேண்டாம். குளிர்ந்த திரவம் ஒருபுறம் தடிப்பாகி மெதுவாக வரும். கலவை விகிதம் பிசகும். நுரை எப்போதும் காயாத பிசினாக நிற்கும்.

கரிம ஆவியையும் நுண்துகளையும் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகக்கவசம், கண்ணை முழுதும் மூடும் கண்ணாடி, நைற்றைல் என்ற செயற்கை இறப்பர்க் கையுறை, உடல் முழுதும் மூடும் ஒருதடவை உடை ஆகிய அனைத்தும் வேண்டும். மருத்துவ முகமூடி இதற்குப் பயன்படாது.

முதலில் முனை இல்லாமல் ஒரு பைக்குள் அடித்து, இரண்டு திரவமும் ஒரே வேகத்தில் வருவதைப் பாருங்கள். பிறகு முனையைப் பொருத்தி அட்டையில் அடித்துப் பழகுங்கள். அரை நிமிடம் நிறுத்தினாலே முனைக்குள் நுரை இறுகிவிடும் என்பதால் மேலதிக முனைகளைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். அடைத்த முனையோடு விசையை அழுத்தினால் ஒரு திரவம் மற்றதன் வழிக்குள் ஏறித் துப்பாக்கியே கெடும்.

மரங்களுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு ஓரங்களை முதலில் கோடிட்டு அடித்து, நடுவைப் பிறகு நிரப்புங்கள். கசிவு ஓரங்களில்தான் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஓர் அங்குலமாக இரண்டு சுற்றுப் போங்கள். மேலும் வெப்பக்காப்பு வேண்டுமென்றால், நுரை காய்ந்த பின் அதன் முன்னால் கல்கம்பளி (ரொக்வூல்) துண்டுகளை வெட்டி வைக்கலாம். ரொறன்ரோவின் சில பகுதிகளில் கறையான் இருக்கிறது. உங்கள் தெருவில் இருந்தால், கொங்கிறீற்றின் உச்சியில் பரிசோதனைக்காக ஒரு பட்டி அளவு வெறுமையாக விடுவது பற்றிக் கறையான் பரிசோதகரிடம் முதலில் கேளுங்கள்.

9. மூடுவதற்கு முன் சோதியுங்கள்

ஒரு நாள் கழிந்து வெளிச்சத்தோடு சுற்றி வாருங்கள். நிறம் எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தினால் ஸ்பொஞ்ச் போல அமுங்கி ஒட்டினால் பொலியோல் அதிகம். மொறுமொறுவென்று நொறுங்கினால் ஐசோசயனேட் அதிகம். மரத்துக்கும் நுரைக்கும் இடையே விரிசல் இருந்தால் சுருங்கியிருக்கிறது. மெல்லிய கம்பியைக் குத்தி, ஒரு சுவருக்குப் பத்து இடமாவது தடிப்பை அளந்து எழுதுங்கள். முக்கியமாக மேல் மூலைகளிலும் மின்பெட்டிகளுக்குப் பின்னாலும்.

பல நாள் கழித்தும் மீன்வாடை போன்ற மணம் நின்றால் காற்றோட்டத்தால் மட்டும் அது தீராது. தவறிய பகுதியைக் கண்டுபிடித்து வெட்டி எடுத்து மீண்டும் அடிப்பதே வழி. அதைச் செய்யச் சொல்ல உங்களிடம் இருக்கும் பிடி, கொடுக்காமல் வைத்திருக்கும் இறுதிப் பணமும் அந்தப் பதிவேடும்தான்.

மூடுமுன் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடா தெரியும்படி படமெடுத்து வையுங்கள். பின்னாளில் ஓர் அலுமாரியைப் பொருத்தும்போது வயரும் குழாயும் எங்கே என்பதற்கு வேறு சாட்சி இருக்காது.

10. ட்ரைவோல்

வசிக்கும் இடத்தில் இந்த நுரையைத் திறந்தபடி விடக் கூடாது. எரிந்தால் கரும்புகையும் நச்சும் வெகு விரைவில் பரவும்; அதனால் ட்ரைவோல் எனப்படும் ஜிப்சம் பலகை அரை அங்குலத் தடிப்பிலாவது மேலே வேண்டும். வாடகைக்கு விடும் அறைக்கு மட்டும் பலகை அடித்துவிட்டு, ஃபேர்னஸ் அறையில் நுரையை வெறுமையாக விட்ட வீடுகளைக் காண்கிறேன். தீப்பிடிக்க வாய்ப்பு அதிகமுள்ள அறை அதுதான். அந்த அறையையும் றிம் ஜோயிஸ்ற்றையும் எப்படி மூட வேண்டும் என்று நகரசபைப் பரிசோதகரிடம் எழுத்தில் கேளுங்கள்.

நுரைக்கும் பலகைக்கும் இடையில் பொலித்தீன் தாள் விரிக்காதீர்கள். ஃபைபர்கிளாஸ் சுவருக்குப் பழகிய தச்சர்கள் கேட்காமலே விரித்துவிடுவார்கள். இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட குளோஸ்ட் செல் நுரையே நீராவித் தடுப்பு. இரண்டாவது தடுப்பு வைத்தால் நடுவில் சிக்கும் ஈரம் எந்தப் பக்கமும் காயாது.

11. முதல் குளிர்காலம்

கசிவுகள் அடைபட்ட வீட்டில் சமையல், குளியல், துணி காய்தல் ஆகியவற்றின் ஈரம் வெளியேற வழி குறையும். மலிவான ஈரப்பதமானி ஒன்றை வாங்கிக் கீழே வையுங்கள். வெளியே கடும் குளிரான நாள்களில் 30 முதல் 35 சதவீதம் போதும். யன்னலில் நீர் வழிந்தால் வெப்பத்தை மீட்டுத் தரும் காற்றுமாற்றியான எச்.ஆர்.வி இயந்திரத்தைப் பற்றி யோசியுங்கள்.

நீர்ச்சூடாக்கியின் புகை இயல்பான இழுப்பால் குழாய்வழி ஏறும் பழைய வகையாக இருந்தால், நுரை அடித்த கையோடு எரிவாயுத் தொழில்நுட்பரை அழைத்துச் சோதியுங்கள். சமையலறை விசிறியும் துணியுலர்த்தியும் ஒன்றாக ஓடும்போது இறுக்கமான வீடு அந்தப் புகையைக் கீழே இழுத்துவிடலாம். கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி, நிலக்கீழ்தளத்தில் ஒன்றும் படுக்கையறைகளுக்கு அருகே ஒன்றும், நுரை அடிக்கும் நாளுக்கு முன்னரே பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.